தூத்துக்குடிக்கு வந்தா நேரம் பாத்து வாங்க

சென்னையில இருந்தோ கோயம்புத்தூர்ல இருந்தோ சொந்தக்காரங்க வந்தாங்கன்னா நேரா திருச்செந்தூர் போவாங்க, முருகனைக் கும்பிட்டுட்டு மணப்பாட்டை ஒரு எட்டு பாத்துட்டு, திரும்பி வந்து தூத்துக்குடியில ராத்திரி ரயிலைப் புடிச்சுருவாங்க. "ஒரு நாள் இங்க தங்கிட்டுப் போங்களேன்"னு கூப்பிட்டா, "ஊருக்குள்ள பாக்க என்ன மைனி இருக்கு"ன்னு கேப்பாங்க. நான் பொறந்தது, படிச்சது, கல்யாணம் கட்டினது, வேலை பாக்குறது எல்லாமே இந்த ஊருலதான், ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல பில் போடுற வேலை. எத்தனையோ பேரைக் கூட்டிட்டுச் சுத்தியிருக்கேன், அதுல எனக்குப் புரிஞ்சது, இந்த ஊருக்கு இடம் தெரிஞ்சா மட்டும் பத்தாது, நேரமும் தெரியணும். எங்க கடல் நாள் பூரா வேலை செய்ற கடல். அது வேலை செய்ற நேரத்துல போயி நின்னாத்தான் ஊரு கண்ணுக்குத் தெரியும். பகல் பதினோரு மணிக்கு ரோச் பார்க்ல போயி நின்னா வெயில் மட்டும்தான் தெரியும்.

மொதல்ல அலையைப் பத்திச் சொல்லிடுறேன், ஏன்னா வர்றவங்களுக்கு அதுலதான் ஏமாத்தம். இங்க பெரிய அலை வராது. இது மன்னார் வளைகுடா, எதுத்தாப்ல இலங்கை, நடுவுல பவளப்பாறையும் தீவுகளும், அதனால பாதி நாளு கடல் கம்மாத் தண்ணி மாதிரி அசையாம கெடக்கும். ராமேஸ்வரம் பக்கத்துல தொடங்கி எங்க ஊரு வரைக்கும் வரிசையா 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா ஆக்குனாங்க. எங்க பக்கம் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலங்குசல்லி. இதுல விலங்குசல்லி தண்ணிக்குள்ளயே போயிருச்சு. சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கா பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரைக்குக் கொண்டு வந்தாங்க, பாறை போனதும் மண்ணைப் புடிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. வான் தீவும் அப்படித்தான் கரைஞ்சுட்டே வந்துச்சு, இப்ப அதைச் சுத்தி கடலுக்கடியில கான்கிரீட்ல செயற்கைப் பாறை எறக்கி வச்சு காப்பாத்தப் பாக்குறாங்க. அதனால யாராவது வந்து "தீவுக்கு போட்ல கூட்டிட்டுப் போங்க"ன்னு கேட்டா நான் கண்டிப்பா முடியாதுன்னு சொல்லிருவேன், வனத்துறை அனுமதி இல்லாம அங்க கால் வைக்கக் கூடாது, வைக்காம இருக்குறதுதான் அந்தத் தீவுக்கு நாம செய்ற உதவி. பிள்ளைங்க தண்ணியில கால் நனைக்கணும்னா துறைமுகம் பக்கம் முயல் தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க, அது இந்த 21ல சேராது, வெள்ளனயே போயிருங்க, சூரியன் கடலுக்குள்ள இருந்து எழும்புற நேரம். எட்டரை மணிக்கு மேல மணல்ல நிக்க முடியாது, நிழலும் கெடையாது.

மீனுக்கு நேரம் ராத்திரி. இதை யாரும் நம்ப மாட்டாங்க, மத்த ஊர்ல மீன் ஏலம்னா விடியக்காலம்தானே. ஆனா தூத்துக்குடியில விசைப்படகுங்க காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பி ராத்திரி ஒம்பது மணிக்குள்ள கரைக்கு வந்துரணும்னு விதி, ராத்தங்கல் கெடையாது. அதனால மீன்பிடித் துறைமுகத்துல பொழுது சாஞ்சதும்தான் உயிரே வரும். ஒவ்வொரு போட்டா உள்ள வரும், கூடை கூடையா எறக்குவாங்க, அப்படியே தரையில குவிச்சு ஏலம் போடுவாங்க, ஏலம் கூவுறவர் பேசுற வேகத்துக்கு நமக்குக் காது பழக கொஞ்ச நேரம் ஆகும். பெங்களூர்ல ஐடியில இருக்குற எங்க கொழுந்தனார் பையன் ஒரு தடவை இதைப் பாத்துட்டு அசையாம நின்னுட்டான், அன்னைக்குக் காலைல கடல்ல இருந்த ஊளி மீனும் பாறை மீனும் கணவாயும் அன்னைக்கு ராத்திரியே லாரியில ஏறி கேரளாவுக்குப் போறதைக் கண்ணால பாத்தான். போறவங்களுக்குச் சில விஷயம் சொல்லிடுறேன். பழைய ரப்பர் செருப்பு போட்டுட்டுப் போங்க, தரை பூரா ஐஸ் தண்ணியும் செதிலுமா வழுக்கும். ஏலம் நடக்குற வட்டத்துக்குள்ள நுழையாதீங்க, மொத்த வியாபாரிங்க நிக்குற இடம் அது. வீட்டுக்கு ரெண்டு கிலோ வேணும்னா கொஞ்சம் தள்ளி உக்காந்து சில்லறைக்கு விக்குற பொம்பளைங்ககிட்ட வாங்குங்க, அவங்களே அளவா நறுக்கியும் தருவாங்க. போட்டோ எடுக்கணும்னா "அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, நெறைய பேர் சிரிச்சுட்டே மீனைத் தூக்கிக் காட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் போட் கடலுக்குப் போகாது, எல்லாரும் கோயிலுக்குப் போற நாள். அதனால திங்கக்கிழமை பகல்ல "இன்னைக்குப் புடிச்ச மீன்"னு யாராவது சொன்னா கொஞ்சம் யோசிச்சு வாங்குங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்ப விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்கும். அந்த நாள்ல திரேஸ்புரம் போங்க, நாட்டுப் படகுல போறவங்க கொண்டு வர்ற சாளையும் நெத்திலியும் கெடைக்கும்.

திரேஸ்புரம்னு சொன்னதும் சங்குகுளிக்காரங்க ஞாபகம் வருது. ஒரு காலத்துல முத்துக்குளிச்ச பரம்பரை. முத்துக்குளிப்பு 1961க்கு அப்புறம் நடக்கவே இல்ல, ஊருக்கு முத்துநகர்னு பேரு மட்டும் நின்னுருச்சு, ரயிலுக்கும் அந்தப் பேருதான். ஆனா சங்குக்காக இன்னைக்கும் கடலுக்கடியில எறங்குறாங்க. முன்னாடி மூச்சடக்கி எறங்குனவங்க இப்ப கம்ப்ரசர் காத்தை டியூப் வழியா இழுத்துக்கிட்டு எறங்குறாங்க, ஆழத்துல இருந்து வேகமா மேல வந்தா கை கால் செயலிழந்து போற ஆபத்து உண்டு, உயிரும் போகும். இங்க எடுக்குற சங்குதான் வங்காளத்துக்குப் போயி அங்க கல்யாணம் ஆன பொண்ணுங்க கையில வெள்ளை வளையலா ஏறுது. சங்கு வாங்கணும்னு ஆசைப்படுறவங்க கையில எடுத்ததும் பளபளப்பைப் பாக்காதீங்க, எடையைப் பாருங்க, ஓரத்துல உடைசல் ஒட்டுப் போட்டிருக்கான்னு வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க.

எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் புடிச்சது பழைய துறைமுகம். எங்க மாமனார் தோணிக்குச் சரக்கு ஏத்துற இடத்துல கணக்குப்பிள்ளையா இருந்தாங்க, அதனால கல்யாணம் ஆன புதுசுல இருந்தே தோணிக் கதை கேட்டுக் கேட்டு எனக்கும் பைத்தியம் புடிச்சுருச்சு. தோணின்னா சின்ன ஓடம்னு நெனைச்சுறாதீங்க, நூத்துக்கணக்கான டன் ஏத்துற மரக்கப்பல். முந்தி பாய் மட்டும்தான், இப்ப இன்ஜினும் இருக்கு. வெங்காயம், உருளைக்கிழங்கு, மளிகை, செங்கல், ஜல்லி, சிமெண்ட்னு ஏத்திக்கிட்டு ஒரு காலத்துல கொழும்புக்குப் போச்சு, இப்ப மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகுது. தோணியோட தலைவருக்கு இங்க தண்டல்னு பேரு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல, அதாவது ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், கடல் கொந்தளிப்புன்னு தோணி எல்லாம் கரையிலதான் நிக்கும், பலகை இடுக்குல பஞ்சு அடைச்சு எண்ணெய் பூசி அடுத்த ஓட்டத்துக்கு ரெடி பண்ணுவாங்க. தோணியைப் பக்கத்துல நின்னு நிதானமாப் பாக்கணும்னா அந்த மாசம் வாங்க. ஏத்துறதைப் பாக்கணும்னா செப்டம்பருக்கு அப்புறம். ஆளுங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஒரு பலகை மேல ஏறிப் போற லாவகத்தை எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துட்டு நிக்கலாம். உள்ள போறதுக்கு வாசல்ல கேட்டுட்டுத்தான் போகணும், எல்லா நாளும் விட மாட்டாங்க.

கடல் ஆழம் கம்மிங்கிறதாலதான் தோணிக்கு இவ்வளவு மவுசு. அந்தக் காலத்துல கப்பல் எல்லாம் பல மைல் தள்ளி நடுக்கடல்லதான் நங்கூரம் போடும், கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல சரக்கு, ஆளு எல்லாம் தோணியிலதான் போய் வரணும். மதுரையில இருந்து இங்க 1876லயே ரயில் வந்துருச்சு, தனுஷ்கோடிப் பாதை 1914ல திறக்குற வரைக்கும் மெட்ராஸ்ல இருந்து கொழும்புக்குப் போறவங்க எங்க ஊருல எறங்கித்தான் கப்பல் ஏறினாங்க. அப்புறம் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள்ள ரெண்டு பக்கமும் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டி, புது துறைமுகம் வந்துச்சு, 1974ல பெரிய துறைமுகம்னு அறிவிச்சாங்க. எனக்குச் சோறு போடுறது அந்தப் புது துறைமுகம்தான், கன்டெய்னர், நிலக்கரி, காத்தாலை றெக்கைன்னு எல்லாம் வந்து போகுது. ஆனா ஆபீஸ் முடிஞ்சு மனசு போறது என்னமோ பழைய பக்கம்.

பீச் ரோட்டுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நடக்கணும், கார்ல போனா ஒண்ணும் புடிபடாது. போர்ச்சுகீசியர் இருந்தாங்க, 1658ல டச்சுக்காரங்க வந்து புடிச்சாங்க, 1825ல இங்கிலீஷ்காரங்க கைக்குப் போச்சு, டச்சுக்காரங்க 1750ல கட்டின சர்ச் இன்னும் நிக்குது. அங்கங்க பழைய கிட்டங்கிங்க, அதாவது சரக்குக் குடோனுங்க, உயரமான கதவு, காரை உதிர்ந்த சுவரு. கிரேட் காட்டன் ரோடுங்கிற பேரே கரிசக்காட்டுப் பருத்தி இந்த வழியா கப்பலுக்குப் போனதோட அடையாளம். ஆனா இந்த ரோட்டுல நடக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்றது ஒரு ஆளை நெனைச்சுத்தான். ஓட்டப்பிடாரத்துல பொறந்து இங்க வந்து வக்கீலா இருந்த வ.உ.சி., 1906ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு பண்ணாரு. ஒரு பங்கு 25 ரூபா, மொத்த மூலதனம் 10 லட்சம். காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலை வாங்கி கொழும்புக்கு ஓட்டுனாரு. போட்டிக்கு இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டைக் குறைச்சுக் குறைச்சுப் பாத்து, கடைசியில சும்மாவே ஏத்திக்கிட்டுப் போயி குடையும் குடுத்துப் பாத்தாங்க. 1908ல கோரல் மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணப்ப அவங்க பக்கம் நின்னாரு, அந்த வேலைநிறுத்தம் ஜெயிச்சுச்சு, கொஞ்ச நாள்லயே மார்ச் மாசம் அவரைக் கைது பண்ணிட்டாங்க. ஜெயில்ல செக்கு இழுத்தாரு, இங்க கப்பல் கம்பெனி முடிஞ்சு போச்சு. கடனும் வறுமையுமா கடைசியில 1936ல இதே ஊருலதான் கண்ணை மூடினாரு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவங்க பழைய துறைமுகத்தைப் பாக்குற மாதிரி நின்னு இந்தக் கதையைச் சொல்லுங்க, புத்தகத்துல படிக்கிறதுக்கும் அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே கேக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

அதே மாதிரி வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாத இன்னொரு பேரு குரூஸ் பர்னாந்து. நகராட்சித் தலைவரா இருந்தவரு. கடல் இருந்தும் குடிக்கத் தண்ணி இல்லாத ஊருக்கு 1927ல வல்லநாட்டுல இருந்து தாமிரபரணித் தண்ணியைக் குழாய்ல கொண்டு வந்தாரு. எங்க ஆச்சி தண்ணி புடிக்கும்போது அவரு பேரைச் சொல்லாம இருந்ததே இல்ல.

மாதா கோயிலுக்கு வருவோம். நாங்க யாரும் இங்க பனிமய மாதான்னு முழுசாச் சொல்றதில்ல, மாதா கோயில்னுதான் சொல்லுவோம், பெரியவங்க தஸ்நேவிஸ் மாதாம்பாங்க. ஜூலை 26 கொடியேத்தம், ஆகஸ்ட் 5 பெருநாள், அன்னைக்கு மாவட்டத்துக்கே லீவு. நாங்க இந்து குடும்பம், ஆனா அந்தப் பதினோரு நாள்ல ஒரு நாளாவது போகாம இருந்ததில்ல, பக்கத்து வீட்டு பாய் குடும்பமும் வரும். தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது, 2013ல ஓடுச்சு, அப்புறம் 2023லதான். பெருநாளுக்கு வர்றதா இருந்தா ரூமையும் ரயில் டிக்கெட்டையும் ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுருங்க, காரைக் கோயில் பக்கம் கொண்டு வரவே வராதீங்க. கூட்டம் வேண்டாம்னா சாதாரண நாள்ல விடியக்காலப் பூசைக்கு வாங்க, கடலுக்குப் போற ஆளு ஈரத்தலையோட வந்து ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டுப் போவாரு.

உப்பளத்துக்கும் விடியக்காலம்தான். முள்ளக்காடு பக்கமோ தருவைகுளம் ரோட்டுலயோ போனா ரெண்டு பக்கமும் பாத்தி, தண்ணியில வானம் தெரியும், சில மாசம் பூநாரைங்க கூட நிக்கும். நாட்டுல குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் வர்றது இங்க இருந்துதான். தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்தி காய வச்சு, தண்ணியில உப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு டிகிரி பாத்து, சுமார் 25 டிகிரி வந்ததும் உப்பு எறங்கும். வாரிப் போட்டுச் சுமக்குறது பெரும்பாலும் பொம்பளைங்க. வெயில் ஏறிட்டா உப்பு மேல பட்டுத் திரும்புற வெளிச்சமே கண்ணைக் கெடுத்துரும், அதனாலதான் இருட்டுலயே வேலையை ஆரம்பிப்பாங்க. மழை மாசத்துல வேலை கெடையாது, இப்ப சில வருஷமா அரசாங்கம் அந்தக் காலத்துக்கு 5000 ரூபா நிவாரணம் தருது, அது ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குக் காணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. வரப்புல ஏறி நின்னு செல்ஃபி எடுக்காதீங்க, கரை உடைஞ்சா அவங்களோட பல நாள் உழைப்பு போயிரும். ரோட்டோரம் நின்னு பாருங்க, கூலிங்கிளாஸ் போட்டுக்கோங்க.

சாப்பாட்டுல ராத்திரி பொரிச்ச பரோட்டா, அதைச் சுடச்சுட பிச்சுப் போட்டு சால்னாவை மூழ்குற அளவு ஊத்திச் சாப்பிடணும், பார்சல் வாங்குனா பாதி ருசி போச்சு. ஊருக்குக் கொண்டு போறதுக்கு மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் பொருளு. வாயில போட்டதும் கரைஞ்சு கடைசியில முந்திரி நெய்ப்பு நாக்குல நிக்கணும், வெறும் இனிப்பு மட்டும் நின்னா அது முந்திரி கம்மியாப் போட்ட சரக்கு. ஈரக்காத்து பட்டா பிசுபிசுன்னு ஆயிரும், அதனால கெளம்புற அன்னைக்கு வாங்குங்க, காத்துப் போகாத டப்பாவுல போடுங்க, ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, பையில எல்லாத்துக்கும் மேல வைங்க.

இங்கயே வேலை கெடைச்சு குடிவர்றவங்களும் என்கிட்ட கேப்பாங்க, அவங்களுக்குச் சொல்றது வேற. போர் தண்ணி உப்பு, அதை வச்சு வீடு கட்டினா கம்பி துருப்புடிச்சு சில வருஷத்துல காரை பெயரும், கட்டுறதுக்கு நல்ல தண்ணி லாரிதான் வாங்கணும். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட், ஏசியோட வெளிப்பெட்டியை கடல் காத்து நேரா படாத பக்கம் மாட்டணும். வாடகைக்கு வீடு பாக்கும்போது வெயில் காலத்துல பாத்து முடிவு பண்ணாதீங்க, 2023 டிசம்பர்ல அந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு பக்கத்துக் கடையில கேளுங்க, சுவத்துலயே கோடு காட்டுவாங்க. அந்த டிசம்பர் 17, 18ல பக்கத்துல காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தாமிரபரணி பெருகி, கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு, மழை விட்ட பெறவும் ஊருக்குள்ள தண்ணி நாள்கணக்கா நின்னுச்சு. கரண்ட் இல்ல, போன் இல்ல, ஜிபே வேலை செய்யல, கையில நோட்டு வச்சிருந்தவங்கதான் பால் வாங்குனாங்க. அதுல இருந்து எங்க வீட்டுல மழைக்காலம் வந்தா கொஞ்சம் பணம் நோட்டாவே பீரோ மேல் தட்டுல இருக்கும், பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஜிப் கவர்ல பரண் மேல, இன்வர்ட்டர் பேட்டரியைத் தரையில இருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கியாச்சு, சம்ப் மூடிக்கு ரப்பர் போட்டாச்சு. தண்ணி வடிஞ்சதும் சம்ப்பை முழுசா எறைச்சு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாம ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. அன்னைக்கு மீனவங்க அவங்க படகை லாரியில ஏத்திக் கொண்டு வந்து தெருவுக்குள்ள எறக்கி ஆளுங்களைக் காப்பாத்துனாங்க, யாரு என்ன சாமி கும்பிடுறவங்கன்னு யாரும் கேக்கல.

வெளியில நெறைய பேருக்கு எங்க ஊருன்னா 2018 மே 22 மட்டும்தான் ஞாபகம் வருது, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்துப் போனவங்க மேல போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்துன நாள், மறுநாளும் சேத்து 13 பேர் செத்தாங்க. நாங்களும் மறக்கல, மறக்கவும் மாட்டோம். காத்துக்கும் தண்ணிக்கும் கேக்கப் போன ஊரு இது. அந்த ஒரு நாளோட சேத்து மத்த நாளையும் வந்து பாருங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

வர்றதுன்னா ஜனவரி, பிப்ரவரி நல்ல மாசம், உப்பளம் ஆரம்பிச்சிருக்கும், தோணி ஓடும், வெயில் தாங்கும். சென்னையில முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா ராத்திரி தூங்கி விடியக்காலம் எறங்கிரலாம். எறங்குனதும் ஹோட்டலுக்குப் போயி படுத்துறாதீங்க, பையை ரூம்ல போட்டுட்டு ஒரு ஆட்டோ புடிச்சு நேரா உப்பளம், அங்க இருந்து மாதா கோயில், பகல்ல நல்லா தூங்குங்க, அஞ்சு மணிக்கு பீச் ரோடு, எட்டு மணிக்கு மீன் ஏலம், அதை முடிச்சுட்டு பரோட்டா. ஞாயித்துக்கிழமையை மட்டும் தவிர்த்துருங்க, அன்னைக்கு ஏலம் இருக்காது.